கல்வெட்டில் 1962, தாத்தா படித்ததோ அதற்கு முன்னால்

கேள்வி இதுதான்: "எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நூற்றாண்டு விழா எடுக்கலாம் என்று இளைஞர்கள் கூடிப் பேசினோம். கட்டடக் கல்வெட்டில் 1962 என்று இருக்கிறது. என் தாத்தாவோ 1930களிலேயே அங்கே படித்ததாகச் சொல்வார். எதை நம்புவது? விழா மலர் போடுகிறோம். பள்ளியின் வரலாறு, பழக்கவழக்கம் என்று அதில் என்ன எழுதுவது?"

தம்பி, இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கல்வெட்டு கட்டடத்தின் வயதைச் சொல்கிறது, தாத்தா பள்ளிக்கூடத்தின் வயதைச் சொல்கிறார். 34 வருடம் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் குழப்பம் இல்லாத ஊரை நான் பார்த்ததே இல்லை.

முதலில் '1962' எப்படி வந்திருக்கும் என்று பார்ப்போம். ஊராட்சி ஒன்றியம் என்ற அமைப்பே 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு வந்ததுதான். 1960, 61 வாக்கில் ஒன்றியங்கள் செயல்படத் தொடங்கியதும், அதுவரை ஜில்லா போர்டு என்ற மாவட்ட உள்ளாட்சி அமைப்பு நடத்திய தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்தின் கைக்கு வந்தன. அந்தச் சூட்டோடு பல ஊர்களில் புதுக் கட்டடம் எழும்பியது, கல்வெட்டும் பதித்தார்கள். ஜில்லா போர்டுக்கு முன்னால் தாலுகா போர்டு. 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த அந்தத் தாலுகா போர்டுகளை 1934இல் கலைத்துவிட்டார்கள். ஆகவே ஒரே பள்ளி மூன்று பெயர்ப் பலகையோடு இருந்திருக்கலாம். உங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது 'நீங்கள் எந்தப் பள்ளி?' என்று கேளுங்கள். 'போர்டு ஸ்கூல்' என்று வாயில் வந்தால் 1962க்கு முந்தைய கதை இருக்கிறது என்று அர்த்தம். 'லேபர் ஸ்கூல்' என்று சொன்னால் வேறு கதை: தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக அரசின் லேபர் கமிஷனர் துறை 1920களில் நடத்தத் தொடங்கிய பள்ளி அது, இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடி. மதுரை, தேனிப் பக்கமானால் கள்ளர் சீரமைப்புப் பள்ளி, அதாவது கள்ளர் சமூகத்துப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய பள்ளி. மிஷன் பள்ளியாகவோ, ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் வீட்டில் தொடங்கிப் பிறகு போர்டிடம் ஒப்படைத்த பள்ளியாகவோகூட இருக்கலாம்.

சரி, ஊகத்தை விட்டுவிட்டு ஆதாரத்துக்கு வருவோம். தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோ இருக்கும். அதன் அடித்தட்டில், பெரும்பாலும் துணியில் சுற்றி, நீளமான கனத்த அட்டை போட்ட புத்தகங்கள் இருக்கும். அதுதான் சேர்க்கை நீக்கல் பதிவேடு. தொடக்கப் பள்ளியில் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய பதிவேடு அது. வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு எல்லாம் காலப்போக்கில் கழித்துவிடுவார்கள், இதைக் கழிக்க மாட்டார்கள். உங்கள் மலருக்கு வேண்டிய வரலாற்றில் முக்கால் பங்கு அதற்குள் இருக்கிறது என்பேன்.

தலைமையாசிரியரின் அனுமதியோடு, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய காரணம் என்று பத்திகள் ஓடும். முதலில் சேர்க்கை எண்ணைப் பாருங்கள். 1962ஆம் ஆண்டுப் பக்கத்தில் எண் 1 என்று தொடங்காமல் 743 என்று தொடங்கினால், அதற்கு முன்னால் 742 பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அவர்களின் பழைய பதிவேடு இன்னொரு பீரோவிலோ வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ இருக்க வேண்டும். எண் 1 என்றே தொடங்கினால் மனம் தளர வேண்டாம். வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்தபோது கொடுத்த பழைய சான்று மடித்தபடி கிடந்தால், அதில் பள்ளியின் பெயரும் எண்ணும் இருக்கும். பள்ளி நிலத்துக்குத் தானப் பத்திரம் உண்டா என்று சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். நிலம் கொடுத்தவர் பெயர் ஊரே மறந்துபோனதாக இருக்கும், பத்திரத்தில் இருக்கும்.

இப்போது பிறந்த தேதிப் பத்தி. வரிசையாக ஜூன், மே, ஜூன், ஜூலை, ஜூன் என்று இருக்கும். ஊரில் எல்லோரும் கோடையில்தான் பிறந்தார்களா? இல்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் தகப்பனார் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வருவார். 'எப்போது பிறந்தான்?' என்று கேட்டால் 'பெருமழை வந்த வருசம்' என்பார். வாத்தியார் பையனைப் பார்த்து, 'வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு' என்பார். விரல் காதை எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது. எட்டவில்லை என்றால் 'அடுத்த வருசம் கூட்டிக்கிட்டு வாங்க'. எட்டிய பிள்ளைக்கு அன்றைய தேதியிலிருந்து ஐந்து வருடத்தைக் கழித்து ஒரு பிறந்த நாளை அங்கேயே எழுதினார்கள். அந்தப் பிறந்த நாள்தான் பிறகு ரேஷன் கார்டிலும் ஓய்வூதியத்திலும் ஆதாரிலும் ஏறியது. உங்கள் ஊரில் எத்தனை பேருக்குப் பள்ளிக்கூடம்தான் பிறந்த நாள் கொடுத்தது என்று எண்ணி மலரில் போடுங்கள். இதைவிட அழகான செய்தி வேறெதுவும் கிடைக்காது.

அப்புறம் நீங்கிய காரணம். 'தேர்ச்சி' என்று இருப்பவர்களைத் தாண்டி மற்றவர்களைப் படியுங்கள். மாடு மேய்க்க, தங்கையைப் பார்த்துக்கொள்ள, குடும்பம் வேறு ஊர் போனது, நெடுநாள் வரவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் பழைய பதிவேட்டில் ஒரு முழுப் பக்கத்துக்கு ஒரே ஒரு பெண் பெயர்தான் இருந்தது. நீல மசியில் சாய்வான எழுத்து. நீங்கிய காரணத்தில் 'பெரியவளானதால்' என்று எழுதியிருந்தார்கள். நான்காம் வகுப்பு. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று என்னால் மேற்கொண்டு புரட்ட முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: பள்ளி எந்த வருடம் தொடங்கியது என்பது ஒரு கேள்விதான். யார் எந்த வருடம் உள்ளே வந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முதல் பெண் பிள்ளை எப்போது? ஊரின் ஒவ்வொரு தெருவிலிருந்தும் முதல் பிள்ளை எப்போது? காலனியிலிருந்து முதல் பிள்ளை எப்போது? பதிவேட்டிலிருந்து இந்தத் தேதிகளை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தினால் உங்கள் ஊரின் வரலாறு எழுந்து நிற்கும். ஒரு வேண்டுகோள்: மலரில் தனியாட்களின் பெயரோடு சாதியையும் நீங்கிய காரணத்தையும் அச்சிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் அதே ஊரில்தான் இருப்பார்கள். ஆண்டும் எண்ணிக்கையும் போதும்.

இதற்கும் பின்னால் போக வேண்டுமானால் திண்ணைப் பள்ளிக்கூடம். உங்கள் ஊரில் ஒன்று இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் ஒவ்வொரு ஜில்லா கலெக்டரிடமும் பள்ளிக்கணக்குக் கேட்டார். 1826இல் தொகுத்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஆங்கிலேயர் வந்துதான் நமக்கு எழுத்தறிவித்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பொற்காலம் என்று பாடுபவர்களும் அதே கணக்கின் அடுத்த வரியைப் பார்க்க வேண்டும். அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. திண்ணை என்பது ஒருவருடைய வீட்டுத் திண்ணை. அந்தத் தெருவிலேயே நடக்க விடாத பிள்ளை அதில் எப்படி ஏறி உட்கார முடியும்?

ஆனாலும் அங்கே பயின்ற முறை சாதாரணமானதல்ல. மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையில் எழுத்தாணி. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, எண்சுவடி. அரைக்கால், மாகாணி என்று பின்ன வாய்பாடு முழுக்க மனப்பாடம். மூத்த பையன் சட்டாம்பிள்ளை. அவன் சொல்லிக்கொடுக்க, மற்றவர்கள் கூடவே சொல்வார்கள். எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை 1789 முதல் கவனித்து வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. நம் தெரு மணல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

காலையில் வரும் வரிசைக்கும் அங்கே ஒரு மரபு உண்டு. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் 1823இல் எழுதிய அறிக்கையில் அது இருக்கிறது. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி, அதாவது பூஜ்யம். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, அடுத்தவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். தாமதமாக வருகிறவன் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். கோதண்டம் போடுவது, அதாவது கயிற்றில் தொங்கவிடுவது, தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் தண்டனை. அடியைப் பெருமையாகப் பேசும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் அதில் சேர மாட்டேன். அடிக்குப் பயந்து ஓடிப்போய்த் திரும்பவே வராத பிள்ளைகள் யாரும் விழா மேடையில் ஏறிப் பேச இருக்க மாட்டார்கள்.

1920இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது, போர்டு பள்ளிகள் பெருகின. அந்தக் காலத்துப் பள்ளி என்றால் பெரும்பாலும் கூரைக் கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஊரே பெருக்கி வைக்கும். கைத்தொழிலோடு பாடம் கற்பிக்கும் காந்தியின் ஆதாரக் கல்வி வந்த பள்ளிகளில், நூல் நூற்கும் தக்ளியைச் சுற்றியிருக்கிறார்கள். உங்கள் தாத்தாவிடம் தக்ளி பற்றிக் கேளுங்கள், விரலைச் சுழற்றிக் காட்டுவார்.

1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் மட்டும் வகுப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டார். இரண்டு நேர வருகைப் பதிவு உங்கள் பள்ளியில் தப்பித்தவறி இருந்தால் அது அரிய ஆவணம். படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது சோறு. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளியில் சாப்பாடு போடும் யோசனை காமராஜருக்கு முன்பே இங்கே உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டு உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. மாநிலம் தழுவிய மதிய உணவு 1956 ஜூலையில் எட்டயபுரத்தில் தொடங்கியது. பாரதி பிறந்த ஊர் என்பதால் அங்கே. அப்போது கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. அரசு ஒரு பங்கு கொடுக்கும், ஊரார் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். பெண்கள் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுத்த ஊர்கள் உண்டு. அந்த அரிசியில் ஆக்கிய சோற்றை எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் நினைத்துப் பார்க்க முடியாத காட்சி அது. பிறகு கேர் (CARE) என்ற தொண்டு அமைப்பின் வழியாக அமெரிக்கப் பால் பவுடரும் கோதுமையும் வந்தன. அறுபதுகளில் படித்த யாரையும் கேளுங்கள், அந்த உப்புமாவின் வாசனையைச் சொல்வார்கள்.

பதிவேட்டுக்குத் திரும்பி வாருங்கள். 1956க்கு முந்தைய ஐந்து வருடம், பிந்தைய ஐந்து வருடம், சேர்க்கை எண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். பெண் பெயர்களைத் தனியாக எண்ணுங்கள். நான் பார்த்த பதிவேடுகளில் அந்தப் பக்கங்களில்தான் பெண் பெயர்கள் நெருக்கமாக வரத் தொடங்குகின்றன. உங்கள் ஊரில் எப்படி என்பதை உங்கள் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

அதன்பின் வந்தவை ஊருக்கே நினைவிருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1981 ஜூன் முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மடிந்த பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைக்கு இடமில்லாமல் போனது. உங்கள் பள்ளியில் கடைசிக் கூரைக் கொட்டகை பிரிக்கப்பட்டது அதையொட்டி இருக்கலாம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முளைத்த செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுவதும் வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது, பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையும் வந்தது. காலை உணவு 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

பழக்கவழக்கங்களுக்கு வருவோம். இவை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ 'அ' எழுதிச் சேர்ப்பது திண்ணையின் மிச்சம். சிலேட்டைக் கோவை இலையால் தேய்த்தது. ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசியது. மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு; இன்றும் இருந்தால் விழாவில் அதையே அடித்துத் தொடங்குங்கள். 1970 முதல் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, அதற்கு முன் உங்கள் பள்ளியில் எந்தக் கடவுள் வாழ்த்துப் பாடினார்கள் என்பது. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை மாணவர் மன்றம். கை நடுங்க முதல் முறை பேசிய திருக்குறள். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். ஆண்டாய்வுக்கு முந்தின நாள் பிள்ளைகளும் வாத்தியாரும் சேர்ந்து சுவரில் ஒட்டிய படங்கள்.

இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டே ஆக வேண்டும். பள்ளியை யார் பெருக்கினார்கள்? தண்ணீர்ப் பானையில் யார் மொண்டு குடித்தார்கள், யாருக்கு மேலேயிருந்து ஊற்றினார்கள்? கேட்கும்போது சபை அமைதியாகிவிடும். ஆனாலும் கேளுங்கள், ஒவ்வொருவரையும் தனித்தனியாக வீட்டில் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த வருடம் அது நின்றது, யார் நிறுத்தினார் என்று தெரிந்தால், அந்த வாத்தியாரின் பெயர்தான் மலரின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

கல்விச் சீர் என்ற வழக்கம் உங்கள் பக்கம் இருக்கிறதா? தாய்மாமன் சீர் கொண்டு போவது போல, பீரோ, நாற்காலி, நோட்டு, குடம், தட்டு எல்லாம் மேளதாளத்தோடு ஊர்வலமாகப் பள்ளிக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். இது சமீபத்தில் பரவியது என்றாலும் வேர் பழையது. 1958இல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் பெஞ்சும் கடிகாரமும் உடுப்பும் கொடுத்தார்கள். உங்கள் பள்ளியில் பழைய மர பெஞ்சு, சுவர்க் கடிகாரம் ஏதாவது இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 'அன்பளிப்பு' என்று பெயின்டில் எழுதி ஒரு பெயரும் வருடமும் இருக்கும்.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். வயதானவர்களைச் சந்திப்பதை முதலில் முடியுங்கள், பதிவேடு ஓடிப்போகாது. அதிலும் முன்னாள் மாணவர்களுக்கு முன்பாகச் சத்துணவு ஆயாவைப் பாருங்கள். எந்தப் பிள்ளை எந்த வருடம் பசியோடு வந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்த அளவு எங்களைப் போன்ற வாத்தியார்களுக்கும் தெரியாது. பதிவேட்டைத் தொடும்போது கையில் ஈரம் இருக்கக் கூடாது. பக்கத்தைக் கீழ் முனையில் பிடித்துத் திருப்பாமல், மேல் ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கித் திருப்புங்கள். பழைய தாள் மடிப்பில் உதிரும். ஒவ்வொரு பக்கத்தையும் சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒரு பிரதியைப் பள்ளியிலேயே கொடுத்துவிடுங்கள்.

தாத்தாவின் பெயர் கிடைத்தால் சேர்க்கை எண்ணையும் பிறந்த தேதியையும் எனக்கு எழுதுங்கள். ஜூன் மாதமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.